வானம் பார்க்காமல் விட்ட தெரு

முத்தூரணியில் ஊரணித் தெருவுக்கு மட்டும் பதினோரு வருஷம் மழை பெய்யவில்லை. வடக்குத் தெருவில் பெய்தது, தெற்குத் தெருவில் பெய்தது, ஐப்பசியில் கரிசல் காடெல்லாம் குழம்பி வண்டிச் சக்கரத்தை அச்சுவரை விழுங்கியது. ஊரணியின் தென்கரையோரம் துளி விழுந்து குமிழ் குமிழாகக் கொப்பளிக்க, வடகரையோரம் தண்ணீர் கண்ணாடிபோல அசையாமல் கிடந்தது. பருந்து அந்தத் தெருவுக்கு மேலே வட்டமிடவில்லை, கொக்குக் கூட்டம் அதன் ஓரம்வரை வந்து ஏதோ சுவரில் இடித்ததைப்போல விலகிப் பறந்தது, காகம் ஒன்றுகூட அதன் ஓட்டில் உட்காரவில்லை. வெயில் மட்டும் விழுந்தது. வெயிலுக்கு யாரையும் அடையாளம் தெரியவேண்டிய அவசியமில்லை.

இதற்குக் காரணம் தெரிந்த ஒரே ஆள் சென்னையில் ஒரு நில அளவை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் ஜன்னலோர மேஜையில் இருந்தாள். அவள் பெயர் செண்பகவடிவு. ஊரணித் தெருவில் வாழ்க்கைப்பட்ட பிரமுவின் கூடப்பிறந்த தங்கை.

வானத்திலிருந்து நிலத்தைப் படமெடுப்பது, கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள் நினைப்பதுபோல ஒரே சொடுக்கில் முடிகிற காரியமில்லை. விமானத்தின் வயிற்றில் வட்டமாக ஓட்டை போட்டு, அதில் பெரிய கேமராவை லென்ஸ் நேர்க்கீழே பார்க்கும்படி நிறுத்தி, மேகமில்லாத தை மாசி நாளாகப் பார்த்து, நிழல் ரொம்ப நீளாமலும் அடியோடு சுருங்கிவிடாமலும் இருக்கிற முற்பகல் வேளையாகப் பார்த்து, ஐயாயிரம் அடி உயரத்தில் மேற்கேயிருந்து கிழக்காக ஒரு ஓட்டம், திரும்பி கிழக்கேயிருந்து மேற்காக அடுத்த ஓட்டம் என்று, உழுகிறவன் சால் போடுவதைப்போலப் பறக்கவேண்டும். ஒரு படத்தில் விழுந்த நிலத்தில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் விழவேண்டும். அப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்டீரியோஸ்கோப் என்கிற இரட்டைக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தால், இடக்கண் ஒன்றையும் வலக்கண் மற்றதையும் வாங்கிக்கொள்ள, தட்டையான தாளிலிருந்து பனைகள் எழுந்து நிற்கும், கிணறுகள் பள்ளமாகும். அதேபோல ஒரு ஓட்டத்தின் ஓரம் அடுத்த ஓட்டத்தின் ஓரத்தின்மேல் ஏறிக்கிடக்கவேண்டும், கூரை வேய்கிறவர்கள் ஓலைமேல் ஓலை ஏற்றிப் போடுவதுபோல. ஏறாமல் விட்டால் நடுவில் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் இருக்கிற நிலம் எந்தப் படத்திலும் இருக்காது.

முத்தூரணிப் பக்கத்துக்கு ஓட்டக் கோடுகளைப் போட்டவள் வடிவுதான். அந்த அறையில் அவள் ஒருத்திதான் பெண். ஒன்பது ஓட்டம் வேண்டிய நிலத்தை, ஓரங்களைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, எட்டில் முடித்துக் காட்டினாள். பிலிம் மிச்சமாகிறது என்று மேலதிகாரி தேவசகாயம் எல்லார் முன்னாலும் மெச்சினார். அந்த மெச்சல் அவளுக்கு மூன்று நாள் இனித்தது. நாலாம் நாள் விமானம் பறந்தது. மூன்றாவது ஓட்டத்தில் வாடைக்காற்று விமானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே தள்ளியதை விமானி கவனிக்கவில்லை. இழுத்துப் பிடித்திருந்த ஓரம் விட்டுப்போயிற்று.

படங்களையெல்லாம் வெட்டி ஒட்டி ஒரே பரப்பாக ஆக்குகிற வேலையும் அவளுடையதே. பசை தடவிய பலகையில் மூன்றாவது ஓட்டத்தையும் நாலாவதையும் சேர்க்கப்போனபோது அவை சேரவில்லை. மேற்கே நூல்முனையில் தொடங்கிக் கிழக்கே ஆறு மில்லிமீட்டருக்கு விரிகிற ஆப்பு வடிவத்தில் ஒரு இடைவெளி. ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் பத்து மீட்டர். அந்த ஆப்புக்குள் எது இருந்திருக்கவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அந்தத் தெருவில் அவள் அக்காள் கல்யாணத்துக்கு ஆரத்தித் தட்டு ஏந்தி நடந்திருக்கிறாள்.

சொல்லியிருக்கலாம். மறுபடி ஒரு ஓட்டம் பறந்திருப்பார்கள், எட்டுக்கு ஒன்பதாக ஆகியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் மூன்று நாள் இனிப்பு நாக்கில் இருந்தது. அவள் படத்தாளைத் தண்ணீரில் நனைத்தாள். நனைந்த தாள் கொஞ்சம் நீளும், அதை இழுத்து இன்னும் கொஞ்சம் நீட்டினாள். அதற்கும் சேராத இடத்தில், மிச்சமிருந்த பிரதிகளிலிருந்து வடக்குத் தெருவின் ஓட்டுக்கூரைகளை, நிழல் ஒரே பக்கம் சாய்வதாகப் பார்த்துக் கத்தரித்து, பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து ஓரத்தை மெலிதாக்கி, ஒட்டினாள். விரல் வைத்துத் தடவினால்கூடத் தையல் தெரியவில்லை. தேவசகாயம் அதைச் சட்டம் போட்டு அறைச்சுவரில் மாட்டச் சொன்னார். அதற்கப்புறம் பதினோரு வருஷம் வடிவு தலை நிமிரும்போதெல்லாம், அக்காள் வீடு இருந்த இடத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் கூரை இருந்தது.

வானம் அந்தத் தெருவை அன்றோடு மறந்தது.

ஊருக்கு இது முதலில் மழையால் தெரியவரவில்லை, காகத்தால் தெரியவந்தது. விமானம் வந்துபோன அடுத்த மாதம், மாசியில், பிரமுவின் புருஷன் சங்கரநயினார் கோவில்பட்டிக்குப் போன பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். அன்று காலை புறப்படும்போது அவர் சோறு கேட்டார். முந்தின நாள் ஏதோ ஒரு சில்லறைச் சண்டையின் மிச்சத்தில், அரிசி உலையில் இருந்தும், பிரமு திரும்பிப் பார்க்காமல் சொன்னாள், “போற எடத்துல சாப்பிட்டுக்கிடுங்க.” பதினாறாம் நாள் இலை போட்டு மாடியில் சோறு வைத்தபோது காகம் வரவில்லை. கூப்பிட்டார்கள், கையைத் தட்டினார்கள், ஆள் விலகி நின்று பார்த்தார்கள். பக்கத்துத் தெரு மாடியில் வரிசையாகக் காகங்கள் உட்கார்ந்து இந்தப் பக்கம் ஒரு மாடி இருப்பதே தெரியாததைப்போல ஊரணியைப் பார்த்துக்கொண்டிருந்தன. கூடியிருந்தவர்கள் பிரமுவைப் பார்த்தார்கள். அவள்தான் அழுகையோடு அழுகையாக அந்தக் காலை வார்த்தையை எல்லாரிடமும் சொல்லியிருந்தாளே.

ஐப்பசி வந்து மழையும் தெருவை விட்டுவிட்டுப் பெய்தபோது ஊர் அதிகம் யோசிக்கவில்லை. நயினாரின் கோபம் என்று முடிவுகட்டியது. பசியோடு போன ஆள், வைத்த சோற்றையும் வேண்டாமென்கிறார், பெய்கிற மழையையும் வேண்டாமென்கிறார். கொஞ்ச நாள் பயந்தார்கள், பிறகு பழகினார்கள், பிறகு அதைக் கொண்டு பிழைக்கக் கற்றார்கள். ஆப்பு விரிகிற கிழக்குக் கோடியில் அய்யலுசாமியின் தீப்பெட்டி ஆபீஸ் குச்சி காயப்போடுவதற்கு இடம் பிடித்தது. அடைமழையிலும் குச்சி நமுக்காத ஊர் என்று சாத்தூர்வரை பெயர் போயிற்று. வற்றல் அங்கேதான் காய்ந்தது. கார்த்திகையில் முகூர்த்தம் வைத்தவர்கள் பந்தல் போடாமல் அங்கேயே கல்யாணம் நடத்தி, இரண்டு பக்கமும் மழை திரையாகத் தொங்க நடுவில் சாப்பாடு போட்டார்கள். மேற்கே நூலாக மெலிகிற இடத்தில் இருந்த வீட்டு முற்றத்தில் அம்மி மட்டும் நனையவில்லை; மழைக்காலத்தில் அங்கேதான் உட்கார்ந்து அரைத்தார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் அமாவாசைக்கு இலையை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு மாடிக்குப் போய் வைத்துவிட்டு வந்தார்கள். அங்கே காகம் கொத்தியது. தீப்பெட்டி ஆபீஸில் நயினாரின் படத்தை மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம் வைத்தார்கள்.

பிரமு மட்டும் இலையை வெளியே கொண்டுபோகவில்லை. “அவரு கேட்டது எவ வீட்டுச் சோறோ இல்ல, எஞ்சோறு” என்றாள். ஒவ்வொரு அமாவாசைக்கும் தன் மாடியிலேயே வைத்தாள், வெயில் சாயும்வரை நின்றாள், அன்று முழுக்கச் சாப்பிடாமல் படுத்தாள். நாலாம் வருஷத்திலிருந்து மற்ற நாட்களிலும் சோற்றை விட்டுக் கஞ்சிக்கு வந்துவிட்டாள். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருகிற வடிவு ஒவ்வொரு தடவையும் அக்காளின் வளையல் முழங்கையை நோக்கி இன்னும் கொஞ்சம் ஏறியிருப்பதைக் கண்டாள்.

ஒரு புரட்டாசிக் கடைசியில், மழை பெய்து விட்டபின், வடிவு யாருக்கும் சொல்லாமல் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு நனைந்த மண்ணும் காய்ந்த மண்ணும் சேர்கிற கோட்டை நடந்து அளந்தாள். கிழக்குக் கோடியில் அறுபது மீட்டர். கோடு ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை. அவள் நாடாவைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது பிரமு பின்னால் வந்து நின்றாள்.

“ஏட்டி வடிவு, நீ படிச்சவ. மேல இருந்து பாக்குற வேலை உனக்கு. இது ஏன் இப்படின்னு சொல்லேன். அவரு கோவம்னு ஊரே சொல்லுது. நீ சொல்லு.”

வாய்வரை வந்தது. ஆறு மில்லிமீட்டர் அக்கா, நான்தான் அக்கா, அத்தான் எதையும் வேண்டாமென்று சொல்லவில்லை, இந்த வீடு இருப்பதே காக்கைக்குத் தெரியாது அக்கா. எல்லாம் வாய்வரை வந்தது.

“காத்தோட்டம் அப்படிக்கா” என்றாள் வடிவு. “சில எடத்துல அப்படி அமைஞ்சிரும்.”

“காத்தா” என்று பிரமு கேட்டுவிட்டு, நனைந்த பக்கம் ஒரு காலும் காய்ந்த பக்கம் ஒரு காலுமாகக் கொஞ்ச நேரம் நின்றாள். “காத்துக்கு எதுக்குட்டி எம்மேல கோவம்.”

பதினோராம் வருஷம் மார்கழியில் கடிதம் வந்தது. பிரமு யாரிடமோ சொல்லி எழுதியிருந்தாள். வருகிற தை அமாவாசைக்கு வைக்கிற சோற்றைக் காகம் எடுக்கிறவரை, அது எத்தனை நாளானாலும், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது, நீ வந்து தடுக்கவேண்டாம், என்று நாலு வரி. வடிவு அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றித் தூக்கிப்போய் தேவசகாயத்தின் மேஜையில் வைத்தாள்.

“இந்த ஒட்டு பொய் சார். இங்க ஒரு தெரு விட்டுப்போச்சு. கோடு போட்டதும் நான்தான், மறைச்சதும் நான்தான்.”

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸை வைத்துப் பார்த்தார். “நல்லா ஒட்டியிருக்கியேம்மா. இந்த மாதிரி ஒட்டு நான்கூடப் போட்டதில்ல” என்றார். “எனக்கு ரிட்டயர்மெண்ட்டுக்கு நாலு மாசம். இப்ப எதுக்கு இது?”

“அங்க மழை பெய்யல சார்.”

“எத்தனை வருஷமா?”

“பதினொண்ணு.”

அவர் ஆச்சரியப்படவில்லை. “நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு மலையடிவாரத்துல நாலு ஏக்கர் விட்டுப்போச்சு. அங்க பனி இறங்காது. மாட்டுக்காரங்க சந்தோஷமாத்தான் இருந்தாங்க” என்றார். “எழுதிக் குடு. உம்பேர்ல ஒரு குறிப்பு ஏறும், மேல போக முடியாது. பரவாயில்லியா?”

எழுதிக் கொடுத்தாள். கால் பக்கம்தான் வந்தது. பதினோரு வருஷம் கனத்தது கால் பக்கம்.

மறுபடி பறக்கும்போது படத்தில் இடம் தெரிவதற்காகத் தெருவின் இரண்டு கோடியிலும் சுண்ணாம்பால் பெரிய கூட்டல்குறி போடவேண்டும். அதைப் போட வடிவு தை அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் முத்தூரணிக்கு வந்தாள். எதற்கென்று கேட்டவர்களிடம், இந்தத் தெருவை மேலேயிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டால் மழை வரும் என்று மட்டும் சொன்னாள். அய்யலுசாமி சுண்ணாம்பு வாளிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“தாயி, நல்லா இருக்குற தெருவுக்கு என்னத்துக்கு மழை? உங்க அத்தான் கோவத்துல இருபத்தஞ்சு குடும்பம் கஞ்சி குடிக்குது. அதைப் போயி கலைச்சு விட்டுறாதீக.”

“எங்க அக்கா அந்தக் கஞ்சியையும் விடப்போறாளே மாமா.”

“அதும் வாஸ்தவந்தான்” என்று அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப ஒண்ணு செய்ங்க. காக்காய மட்டும் வரச்சொல்லுங்க. மழை அப்புறமேல் பாத்துக்கிடலாம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் சுண்ணாம்பைக் குழைத்துக் கொடுத்தது அவருடைய ஆட்கள்தான்.

அமாவாசையன்று பதினோரு மணிக்கு விமானம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரே ஒரு தெருவுக்காக என்பதால் ஆயிரம் அடிக்கு இறங்கிப் பறக்கும். பத்தரைக்கு பிரமு இலையை ஏந்தி மாடிப்படி ஏறினாள். வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, எள்ளுத் தூவிய சோறு. அவர் கடைசியாகப் புறப்பட்ட காலையில் உலையில் இருந்த அதே ரக அரிசியைத் தேடி வாங்கியிருந்தாள். வடிவு பின்னாலேயே ஏறினாள். இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும், விமானம் வருவதற்குள், காகம் வருவதற்குள் சொல்லிவிடவேண்டும் என்று படிக்கு ஒரு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும்.”

“சத்தம் போடாதட்டி. மிரளும்.”

மேற்கே உறுமல் கேட்டது. பிரமு அண்ணாந்து பார்க்கவில்லை. கைப்பிடிச்சுவரில் இலையை வைத்துவிட்டு, பதினோரு வருஷமாகக் கூப்பிட்ட அதே தொண்டையில் கூப்பிட்டாள். விமானம் தெருவின்மேல் நிழலை இழுத்துக்கொண்டு கடந்தது. வடிவு அக்காளின் தோளைத் தொடக் கை நீட்டியவள், அந்தக் கணத்தில் அரை எட்டு பின்னால் வைத்தாள். உறுமல் கிழக்கே தேய்ந்தது. அப்புறம், வாடகைக்குக் குடியிருந்த வீட்டுக்கு மறந்த பொருளை எடுக்க வருகிறவர்களைப்போல எந்தப் பரபரப்புமில்லாமல், பக்கத்துத் தெரு மாடியிலிருந்து ஒரு காகம் எழும்பி வந்து சுவரில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, சோற்றில் வாய் வைத்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு.

பிரமு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் அழுதாள். அழுத முகத்தில் பதினாறு வயசு திரும்பியிருந்தது.

“பாத்தியாட்டி, பாத்தியா. மனசு எறங்கிட்டு. பதினோரு வருஷம் எம்மேல கோவத்தை வச்சுருந்தாரு, இன்னைக்கு விட்டுட்டாரு. என்னை மன்னிச்சுட்டாருட்டி.” பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். “நீ என்னமோ சொல்லணும்னியே?”

சொன்னால் அக்காள் சுமந்த அந்தப் பதினோரு வருஷக் குற்றம் போகும். இந்த மன்னிப்பும் போகும். கோபமே இல்லாதவர் எங்கிருந்து மன்னிப்பார். சொல்லவேண்டிய காலத்தில் சொல்லாத ஒன்று, ஆறிய சோற்றைப்போல, இப்போது யாருக்கும் ஆகாததாகிவிட்டது.

“ஒண்ணுமில்லக்கா” என்றாள் வடிவு. “எந்திரி, வந்து சாப்பிடு.”

பிரமு ரசத்துக்கு மறுசோறு கேட்டுச் சாப்பிட்டாள். அந்தப் பங்குனியிலேயே ஊரணித் தெருவில் கோடைமழை இறங்கியது. தீப்பெட்டி ஆபீஸ் நாலு மூட்டைக் குச்சியை இழந்து, ஓட்டுச்சாய்ப்பு போட்டுக்கொண்டது. நயினாரின் படத்துக்குச் சந்தனம் நின்றது. “இம்புட்டு நாள் பொறுத்த மனுசன், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சமாதானமாயிருக்கலாம்” என்று அய்யலுசாமி பிரமுவின் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

வடிவின் மேஜைக்குப் புதுப் படங்கள் வந்தன. அடுத்தடுத்த இரண்டை வைத்து ஸ்டீரியோஸ்கோப்பில் குனிந்தாள். தெரு எழுந்து நின்றது. வேப்பமரம், ஓடுகள், சுண்ணாம்புக் குறிகள், கைப்பிடிச்சுவரில் வெள்ளையாக ஒரு புள்ளி. அது இலையில் வைத்த சோறு. மேலேயிருந்து பார்க்கும்போது மனிதருக்கு முகம் கிடையாது, நிழல்தான் ஆளைச் சொல்லும். பிரமுவின் நிழல் ஒல்லியாக, உறுதியாகத் தரையைப் பற்றியிருந்தது. பக்கத்தில் இருந்த ஆள் மட்டும் தரையில் நிற்கவில்லை. இரண்டு படங்களுக்கு நடுவில் அசைந்துவிடுகிற எதுவும் கண்ணாடியில் அதனிடத்தில் நிற்காது, அந்தரத்தில் தொங்கும். அரை எட்டு பின்னால் வைத்தவள் மாடிக்கும் வானத்துக்கும் நடுவில் எங்கேயும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் பிரமு வயிறாரச் சாப்பிட்டு, அமாவாசைக்கு அமாவாசை காகத்தோடு பேசி, ஒரு ஆவணியில் தூக்கத்திலேயே போனாள். பிள்ளையில்லாதவள். வருஷாவருஷம் அவளுக்குச் சோறு வைக்க இருந்தது தங்கை ஒருத்திதான். வடிவு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சென்னையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், மொட்டைமாடிக்கு ஒரு படிக்கட்டு தள்ளிக் குடியிருந்தாள்.

முதல் மகாளய அமாவாசைக்கு இலை வைத்தாள். பக்கத்துக் கட்டடத்து மாடியில் மூன்று இலைகள் இருந்தன, மூன்றிலும் காகங்கள் மொய்த்தன. அவளுடையதற்கு ஒன்றும் வரவில்லை. தை அமாவாசைக்கும் வரவில்லை. ஆடிக்கும் வரவில்லை. மேலே மழை பெய்தது, கொக்குகள் கடந்தன, பருந்து வட்டமிட்டது. இந்த மாடியை வானம் மறக்கவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. மறக்காமலேதான் வரவில்லை.

அடுத்த தை அமாவாசையில், பதினோரு மணி வெயிலில், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. இலைக்கும் அதற்கும் பத்தடி. வடிவு கூப்பிடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோர்ட்டில் நிற்கிறவளைப்போல நேராக நின்று சொன்னாள்.

“அக்கா, அந்தத் தெருவை விட்டது நான்தான். எட்டு ஓட்டத்துல முடிக்கேன்னு பேர் வாங்கினேன். விட்டுப்போனது தெரிஞ்சும் வேற யார் வீட்டுக் கூரையோ வெட்டி உன் வீட்டுமேல ஒட்டினேன். அத்தான் உன்மேல ஒருநாளும் கோவப்படல. அன்னைக்குப் பஸ்ஸுல போகும்போதும் கோவப்பட்டிருக்கமாட்டாரு. நீ பட்டினி கிடந்ததெல்லாம் என்னாலதான்.”

சொல்லி முடிக்கக் கால் நிமிஷம்கூட ஆகவில்லை.

காகம் தலையைச் சாய்த்து அவளை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்த்தது. மறுபடி அந்தக் கண், மறுபடி இந்தக் கண். இரண்டிலும் விழுவது ஒரே ஆள்தானா என்று சேர்த்துப் பார்க்க அதனிடம் இரட்டைக் கண்ணாடி இல்லை. வடிவு இந்தத் தடவை கால் அசையாமல் நின்றாள். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.